கட்டிலில் கிடந்த இன்னொரு கை

கனகேஸ்வரி வேலை பார்த்த அறையின் சுவரில் பதினேழு கைகள் தொங்கின.

பிளாஸ்டிக் கைகள்தான். விரல் மடங்கிப்போனவர்கள் படுக்கும்போது கட்டிக்கொள்வதற்கு. பிளாஸ்டிக் தகட்டைச் சுடுநீரில் போட்டு இளக்கி, நோயாளியின் கைமேல் வைத்து அழுத்தி, ஆறியதும் வெட்டிப் பட்டை தைக்க வேண்டும். அதனால் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் கையச்சு. ஒன்றில் கட்டைவிரல் பருத்திருக்கும், இன்னொன்றில் சுண்டுவிரல் கோணியிருக்கும். மின்விசிறியைப் போட்டால் பதினேழும் மெல்ல ஆடும், வா வா என்று யாரையோ கூப்பிடுவதுபோல. போதாக்குறைக்கு அந்த அறை பெரிய ஆஸ்பத்திரியின் கடைசிக் கட்டடத்தில், பிணவறைக்குப் போகிற நடைபாதையை ஒட்டி இருந்தது. சக்கரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டால், வருவது தேநீர் வண்டியா மற்ற வண்டியா என்று எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை கனகேஸ்வரி. பள்ளியில் கணக்கு டீச்சரின் மேசை இழுப்பறைக்குள் உயிருள்ள ஓணானை வைத்துவிட்டு, "யார் வச்சது?" என்ற கேள்விக்கு முதல் ஆளாகக் கை தூக்கி முன் வரிசைப் பெண்ணைக் காட்டிக் கொடுத்தவள். அப்படிப்பட்ட பிள்ளையைக் கோலாலம்பூரில் மூன்று வருடம் படிக்க வைத்து, ஆக்குபேஷனல் தெரபி என்று ஒரு சான்றிதழ் கொடுத்து, 1987இல் பினாங்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். அறை வாசலில் மலாய்ப் பலகை மாட்டியிருந்தது: பெமூலிஹான் சாரா கெர்ஜா. வேலை செய்யும் முறையை மீட்டுத் தருவதாம். அவள் குடியிருந்த ஜெலுத்தோங் வட்டாரம் முழுக்க அதை வேலை வாங்கித் தருகிற இலாகா என்றே புரிந்துகொண்டது.

மூன்று தெரு தள்ளிக் குடியிருந்த ஆசியா பீவி, தன் அக்கா மகனின் சான்றிதழை உறையில் போட்டு இரண்டு தடவை கொண்டுவந்து கொடுத்தார்.

"நான் வேலை வாங்கிக் குடுக்குற ஆளு இல்லக்கா."

"அப்பறம் என்ன வேலைலா பாக்குற நீ?"

"சட்டை போடக் கத்துக் குடுக்குறேன்."

"யாருக்கு? சின்னப் புள்ளைங்களுக்கா?"

"அம்பது அறுபது வயசுக்காரவங்களுக்கு."

ஆசியா பீவி சிரித்த சிரிப்பில் முக்காடு நழுவியது. "கவர்மெண்டு இதுக்கும் சம்பளம் குடுக்குதா!"

சிரித்தாலும் விஷயம் அதுதான். வாதம் வந்த காலை பிசியோ நடக்க வைப்பார். அந்தக் காலை இழுத்துக்கொண்டு கக்கூசுக்குப் போய், ஒற்றைக் கையால் கால்சட்டையை ஏற்றிக்கொண்டு மானத்தோடு வெளியே வருவது கனகேஸ்வரியின் பாடம். உயிரை டாக்டர் காப்பாற்றிக் கொடுத்துவிடுவார். காப்பாற்றிய உயிரை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் காலையில் எழுந்து பல் விளக்க வேண்டாமா?

1989 செப்டம்பரில் ஆசியா பீவி மூன்றாம் தடவையாக வந்தார். கையில் உறை இல்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை.

"பக்கத்து வீட்டுல செத்துப்போன பொம்பள இன்னும் சாப்புடுதுலா, புள்ளே."

பக்கத்து வீடு விநாசித்தம்பியினுடையது. தபால் இலாகாவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். மனைவி யோகம்மா மார்ச் மாதத்தில் காலமானார். மே மாதத்தில் இவருக்கு வாதம் அடித்தது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்து, கைத்தடியோடு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் இதெல்லாம்.

"தட்டுல பாதிதான் சாப்புடுறாரு. நடுவுல கத்தி வச்சு அறுத்தாப்புல இருக்கு. மறுபாதில ஒரு பருக்கை கலையல. அது அவங்களுக்காம். போன வாரம் என்னமோ தீயுற வாடை வந்துச்சு. ஓடிப்போய்ப் பாக்குறேன், அடுப்புத் தீயில இடது கைய வச்சிக்கிட்டு ஜன்னலைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. 'யோகம் ஏதோ சமைக்கிறா, வாசம் வருதா'ன்னு என்கிட்டயே கேக்குறாரு." ஆசியா பீவி தன் கையைத் தானே தடவிக்கொண்டார். "மகன் போன் பண்ணிட்டான். தீபாவளிக்கு வர்றானாம். வந்து இப்படியே இருந்தா ஈப்போவுல வயசானவங்க இல்லத்துல கொண்டுபோய்ச் சேத்துடுவானாம். அந்த மனுசன் வீட்டை விட்டு வர மாட்டேன்னு கதவைப் புடிச்சிக்கிட்டு அழுவுறாரு."

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது அவள் வேலையில் அப்போது சேர்ந்ததில்லை. சனிக்கிழமை அரைநாள் முடிந்ததும் கப்சாய் மோட்டார் சைக்கிளை நேரே அங்கே விட்டாள்.

பழைய இரட்டைக் கதவு. ஒரு கதவு மட்டுமே திறந்தது. அதில் நின்றவரைப் பார்த்ததும் அவள் முதுகில் ஏதோ ஊர்ந்தது. வலக் கன்னம் மழமழவென்று சவரம் செய்யப்பட்டு, பவுடர் பூசியிருந்தது. இடக் கன்னத்தில் மாதக்கணக்கான நரைத் தாடி. திருநீறுகூட நெற்றி நடுவோடு நின்றுவிட்டிருந்தது. இரண்டு மனிதர்களை நெட்டுக்கு வெட்டிப் பாதிபாதியாக ஒட்டினால் அப்படி இருக்கும்.

"வாங்கோ பிள்ளை. மெதுவாக் கதையுங்கோ. அவ இப்பதான் கண்ணயர்ந்தவ."

"ஆர் அங்கிள்?" அவள் வீட்டிலும் இந்தப் பேச்சுதான்.

"யோகம்."

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே கூடத்தில் ஒரு பக்க ஜன்னல்கள் மட்டும் திறந்திருந்தன. மற்றப் பக்கம் முழுக்க இருட்டு. நாள்காட்டிகூட மே மாதத்தில் நின்றிருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இடது கை நாற்காலிக்கு வெளியே, யாரோ விட்டுப்போன பை மாதிரித் தொங்கியது. புறங்கையில் தீப்புண்ணுக்குக் கட்டு. மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கண்ணாடி வளையல்.

கனகேஸ்வரி குந்தி உட்கார்ந்து அந்தக் கையை எடுத்தாள். குளிர்ந்திருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"இது ஆற்ற கை அங்கிள்?"

அவர் குரலைத் தணித்து, ரகசியம் சொல்கிறவரைப் போலச் சிரித்தார். "அவவின்ர. ஆஸ்பத்திரியில முதல் நாளே வந்திட்டா. கண் முழிச்சால் கட்டில்ல எனக்குப் பக்கத்தில ஒரு கை கிடக்குது. தொட்டுப் பார்த்தன். சில்லெண்டு இருந்தது. அவவின்ர கை எப்பவும் சில்லெண்டுதானே இருக்கும். வீட்டை வந்து அவவின்ர காப்பைத் தேடியெடுத்து, சவுக்காரம் பூசிப் போட்டு விட்டன்."

"தோள்வரைக்கும் தடவிப் பார்த்தீங்களோ?"

"அதெல்லாம் ஏன் பிள்ளை? கை வந்திருக்கு. அது காணும்."

கனகேஸ்வரிக்கு இந்த நோயின் பெயர் தெரியும். பரீட்சையில் அதற்குப் பத்து மதிப்பெண். கண்ணில் பழுதில்லை. கையும் செத்துப்போகவில்லை, அசையக்கூடிய கைதான். மூளையின் வலப்பக்கத்தில் ரத்தம் அடைபட்டபோது, இடப்பக்கம் என்று ஒன்று உண்டு என்ற செய்தியே அவருக்குள் அழிந்துபோயிருந்தது. உன் பிடரிக்குப் பின்னால் என்ன நிறம் தெரிகிறது என்று கேட்டால் கறுப்பு என்றா சொல்வோம்? ஒன்றுமே இல்லை என்போம். அவருக்கு இடப்பக்கம் அப்படி. எல்லாம் தெரிந்திருந்தும், கையைத் திரும்ப வைக்கும்போது தூங்குகிறவரின் கையை வைப்பதுபோல மெதுவாக வைத்தாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அடுக்களையிலிருந்து மகள் வள்ளிநாயகி சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். கடலுக்கு அக்கரையில், சுங்கை பாக்காப்பில் ஆசிரியை. வாரநாட்களில் காலைப் படகில் போனால் மாலைதான் திரும்புவாள். தட்டின் வலப்பக்கம் சோறும் சொதியும். இடப்பக்கம் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும்.

"கத்தரிக்காய் அம்மாவுக்கு," என்றாள் மெல்ல. "அப்பா அவவுக்கு எண்டு விட்டு வைக்கிறார். நானும் அவவுக்குப் பிடிச்சதையே அந்தப் பக்கம் வைக்கிறன். பொழுதுபடும்வரைக்கும் அதை எடுக்க எனக்குப் பயம்."

விநாசித்தம்பி வலப்பாதியைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டார். நடுக்கோட்டில் விரல் நின்றது. மறுபாதியில் ஒரு பருக்கை கலையவில்லை.

"வள்ளி, சோறு காணாது, இன்னும் கொஞ்சம் போடு," என்றார்.

"தினமும் இதைத்தான் சொல்றார்," என்றாள் வள்ளிநாயகி. "ஆனா தட்டில கிடக்கிறதைத் தொடமாட்டார்."

கனகேஸ்வரி தட்டருகே குனிந்தாள். கையை நீட்டித் தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். வெறுமையாக இருந்த இடத்தில் சோறு மலைபோல இருந்தது. முகம் குழந்தைமாதிரி விரிந்தது. "இதை இப்ப ஆர் கொண்டுவந்து வச்சது?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பசித்த மனிதர் சாப்பிடுகிற வேகத்தில், யோகம்மாவின் கத்தரிக்காய்க் குழம்பை ஒரு சொட்டு விடாமல் சாப்பிட்டார்.

வள்ளிநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நாலு மாசம்," என்றாள். "நாலு மாசமா என்ர அப்பனைப் பாதிப் பட்டினி போட்டிருக்கிறன்."

"அக்கா, அவருக்கு அந்தப் பாதி தெரியவே இல்ல. விட்டு வைக்கேல்ல." கனகேஸ்வரி அவள் தோளைத் தொட்டாள். "அழுறதைப் பிறகு அழலாம். தீபாவளிக்கு ஏழு கிழமைதான் இருக்கு. அதுக்குள்ள இவர் தனிய நிண்டு, கை சுடாமல் ஒரு தேத்தண்ணி போட வேணும். உங்கட தம்பிக்கு முன்னால."

முதல் வேலையாக வளையலைக் கழற்றப் பார்த்தாள். அவர் அலறிய அலறலில் ஆசியா பீவி வேலிக்கு அந்தப் பக்கம் பிஸ்மில்லா சொன்னது இங்கே கேட்டது. அதோடு அதை விட்டுவிட்டாள்.

இப்படிப்பட்டவர்களுக்குப் புத்தகத்தில் ஒரு வழி சொல்லியிருந்தது. பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுவிட்டு, கோடு கண்ணில் படும்வரை தலையைத் திருப்பச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை தன் அறையில் சிவப்பு நாடாவைத் தேடிக்கொண்டிருந்தபோது மின்விசிறி சுழன்றது. பதினேழு கைகளும் ஆடின. நாடாவுக்காக அந்த மனுசன் எதற்குத் தலையைத் திருப்பப் போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் திரும்பிப் பார்க்கக்கூடிய சிவப்பு ஒன்றுதான் இருந்தது. அது ஏற்கெனவே இடது கையில் கிடந்தது.

"அங்கிள், அன்ரியின்ர காப்புத் தெரியுற வரைக்கும் தலையைத் திருப்புங்கோ."

அவர் திருப்பினார். கழுத்து மரம்போல இறுகியிருந்தது. திருப்பினார். நடுவில் நின்றார். "அங்கால ஒண்டும் இல்லையே பிள்ளை." இன்னும் என்றாள். இன்னும் கொஞ்சம். கடைசியில் சிவப்பு அவர் கண்ணில் பட்டது. "ஆ, இஞ்ச இருக்கிறா."

அது யோகம்மாவின் கை என்று கனகேஸ்வரி ஒருநாளும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. காப்பு யோகம்மாவினுடையது; அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

வேலை முடிந்து தினமும் வந்தாள். செய்தித்தாளின் இடது ஓரத்தில் வளையல் கையை வைத்தார்கள். "வரவர பேப்பர்காரனுக்கு விசர், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் சம்பந்தமில்லை" என்று நாலு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தவர், ஒரு வரியை முதல் எழுத்திலிருந்து வாசித்துவிட்டு, "இப்ப கொஞ்சம் திருந்தியிருக்கிறான்" என்றார். ரேடியோ இடப்பக்கம் போனது. வள்ளிநாயகி இடப்பக்கம் உட்கார்ந்துதான் பேச வேண்டும். கண்ணாடியில் வளையலைத் தேடி, அதற்கு மேலே இருந்த தாடியைக் கண்டுபிடித்து, "இது ஆற்ற முகம்?" என்று கேட்டுவிட்டுச் சவரம் செய்தார். இரண்டு கையையும் ஒரே துணிமேல் வைத்து மேசை துடைத்தார். வலக்கை தள்ள, மற்றது பின்னால் போனது. எதைத் தொடுவதானாலும் வலக்கையால் சூடு பார்த்துவிட்டுத் தொட வேண்டும் என்று அடுப்பை மூட்டாமல், கேத்தலில் தண்ணீர்கூட ஊற்றாமல் நூறு தடவை பழகினார்கள்.

நாலாவது வாரம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். மழைக்கு முந்திய புழுக்கம், ஒரு இலைகூட அசையவில்லை. ரேடியோவில் நாதஸ்வரம். திடீரென்று கூடத்தில் கிண், கிண் என்று சத்தம். வள்ளிநாயகி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அவர் கண்மூடி இருந்தார். நாற்காலிக் கைமேல் கிடந்த கையின் விரல்கள் தாமாக எழும்பி எழும்பி விழுந்தன. வளையல் மரத்தில் இடித்துத் தாளம் தப்பாமல் ஒலித்தது.

"கேக்குதோ?" என்றார் கண் திறக்காமல். "அவ தாளம் போடுறா."

வள்ளிநாயகி செருப்புக்கூடப் போடாமல் ஆசியா பீவி வீட்டுக்கு ஓடிவிட்டாள். நரம்பு பிழைத்து வருகிறது, நல்ல சகுனம் என்று கனகேஸ்வரிக்குத் தெரியும். தெரிந்தும் அவளுடைய ரோமம் ஒரு தடவை எழும்பித்தான் அடங்கியது.

ஆறாவது வாரம் அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வலக்கையால் இடக்கையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"கை சூடாயிருக்கு பிள்ளை."

"ரத்தம் ஓடுது அங்கிள். நல்லதுதானே?"

"அவவின்ர கை சில்லெண்டுதான் இருக்கும்." பிடியை இறுக்கினார். "உங்களை இப்ப விளங்குது எனக்கு. நீங்கள் அவவை அனுப்பப் பாக்கிறீங்கள். ஒருக்காப் போனவ. நான் திரும்பவும் அனுப்பமாட்டன்."

மறுநாள் கதவு திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பகலெல்லாம் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, இடக்கையை ஈரத் துணியில் சுற்றிக் குளிரவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக, இரவில் அவர் உள்ளே விட்ட ஒரே ஆளான வள்ளிநாயகி சொன்னாள். தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. கனகேஸ்வரி படிக்கட்டில் உட்கார்ந்தாள். ஓணான் விட்ட காலத்தில் எத்தனையோ பொய் சொல்லி எத்தனையோ கதவைத் திறக்க வைத்தவள்தான். அவ உங்களைக் கூப்பிடுறா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திறந்துவிடுவார். அந்த வார்த்தை தொண்டைவரைக்கும் வந்தது.

"அங்கிள்," என்றாள் கதவைப் பார்த்து. "ஆரும் வந்ததையோ போனதையோ பத்தி எனக்குத் தெரியாது. நான் படிச்சது சட்டை போடவும் தேத்தண்ணி வைக்கவும்தான். ஈப்போவில இந்த அடுப்பு இல்ல. அன்ரி இருந்த அந்தக் கதிரை இல்ல. நீங்கள் இஞ்ச இருக்க வேணுமெண்டா அந்தக் கை வேலை செய்ய வேணும். கை குளிர்ந்தால் வேலை செய்யாது. எனக்கு வேற வழி தெரியேல்ல."

நிழல் முற்றத்தைத் தாண்டி வேலிவரை போனது. பிறகு தாழ்ப்பாள் உரசும் சத்தம், நின்று நின்று, வெகுநேரம். திறந்தது வழக்கமான கதவு இல்லை. ஏழு வாரமாக ஒருநாளும் திறக்காத மற்றக் கதவு. அவருக்கு இடப்பக்கத்துக் கதவு. தாழ்ப்பாளில் துரு உதிர்ந்து, இடக்கை விரல்களில் சிவப்பாக ஒட்டியிருந்தது.

"உள்ள வாங்கோ," என்றார். கண் வீங்கியிருந்தது.

தீபாவளிக்கு முதல்நாள் காலை மகன் ஸ்ரீஸ்கந்தராஜா கோலாலம்பூரிலிருந்து வந்து, கைகட்டி அடுக்களைச் சுவரில் சாய்ந்து நின்றான். யாரும் பேசக் கூடாது, யாரும் உதவக் கூடாது என்று கனகேஸ்வரி அவனிடமும் வாசலில் நின்ற வள்ளிநாயகியிடமும் சொல்லிவிட்டாள். சொன்னவள் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டாள். உதவாமல் நிற்பதுதான் அந்த வேலையில் கடைசியாகப் பிடிபடுகிற பாடம்.

விநாசித்தம்பி அடுப்பை மூட்டினார். கேத்தலை வைத்தார். இடக்கை தீயின் பக்கம் நகர்ந்தது. ஸ்ரீஸ்கந்தராஜா ஓர் அடி முன்னால் வந்தான். கனகேஸ்வரி கண்ணாலேயே அவனை நிறுத்தினாள். கிழவரின் கழுத்து மெல்லத் திரும்பியது. நின்றது. இன்னும் திரும்பியது. வளையலைக் கண்டார். கையை இழுத்துக்கொண்டார்.

தண்ணீர் கொதித்தது. ஊற்றினார். இடக்கை கோப்பையை வளைத்துப் பிடித்தது. பிடித்த மறுநிமிடம் விரல்கள் வெடுக்கென்று விரிந்தன.

"ஸ்ஸ்! எனக்குச் சுடுது!"

சொன்ன சொல்லை எல்லோரையும்விட அவர்தான் தெளிவாகக் கேட்டார். வாய் திறந்தபடி நின்றது. கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து தோள் என்று பார்வை ஏறியது. முதல் நாள் அவள் கேட்ட கேள்விக்குப் பதிலை இப்போதுதான் தடவிப் பார்த்தார். நாலு பேர் நிற்கிற அடுக்களையில் ஒருவர் குறைந்துபோனது எல்லோருக்கும் தெரிந்தது.

கோப்பையை மகன் பக்கம் தள்ளினார். "ஆறுது. குடி."

ஸ்ரீஸ்கந்தராஜா குடித்தான். "சீனி காணாது," என்றவன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். ஈப்போ என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

விநாசித்தம்பி குழாயடியில் சவுக்காரக் கட்டியை எடுத்தார். "நான் ஏன் பொம்பிளைக் காப்பைப் போட்டுக்கொண்டு நிக்கிறன்," என்றார், யாரையும் பார்க்காமல். கைக்குச் சதை பிடித்திருந்தது. வளையல் லேசில் கழலவில்லை. இடது கட்டைவிரலை மடங்கச் சொன்னார், அது மடங்கியது. கால் மணி நேரம் ஆனது. கனகேஸ்வரியின் கைகள் பின்னாலேயே இருந்தன. நகம் பதிந்து உள்ளங்கை எரிந்தது. உடையாமல் கழன்ற வளையலை அவரே கொண்டுபோய் யோகம்மாவின் படத்து ஆணியில் மாட்டினார்.

மார்ச்சில் யோகம்மாவின் ஆட்டைத் திவசத்துக்கு, முதல் வருஷத் திதிக்கு, அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இரண்டு கதவும் திறந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். அவருக்கு இரண்டு கன்னமும் மழமழவென்று இருந்தன. பக்கத்து இலையில் உட்கார்ந்து, வலமும் இடமும் பார்த்து, கூட்டு குழம்பு என்று ஒவ்வொன்றாக முடித்தார். இலையின் இடது மூலையில் ஒரு கைப்பிடிச் சோறு மிஞ்சியது. மேலே கத்தரிக்காய்.

பழக்கதோஷம். அவளுடைய கை இலையைத் திருப்ப நீண்டது.

"தெரியும் பிள்ளை," என்றார். "திருப்ப வேண்டாம்."

மின்விசிறிக் காற்றில் இலை படபடத்தது. அவருடைய இடக்கை அந்த மூலையை, எழும்பிவிடாமல், அழுத்திப் பிடித்திருந்தது.